நெல்லுக்கு வெயில், மரத்துக்கு நிழல்

(வானொலியில் ஒலிபரப்பான பண்ணைப் பேச்சு)



விதை, உரம், பூச்சி மருந்து என்றுதான் வழக்கமாக உங்களிடம் பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் மாறுதலாக, வெட்டிய மரத்தைப் பதமாகக் காய வைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதுக்கு ஒரு பேச்சா? போட்டு வெச்சா மரம் தானா காஞ்சுட்டுப் போகுது" என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். நினைத்ததோடு நிற்காமல், ஒரு பெரியவருக்கு ஆலோசனையும் சொல்லி அவருக்கு நஷ்டத்தை உண்டாக்கினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. உள்ளே புதுக்கோட்டை மாவட்டம் வரை தென்னை, மா, பலா என்று பார்க்காமல் வேரோடு சாய்த்துப் போட்டது. ஆலங்குடி வட்டாரம் பலாவுக்குப் பேர் போனது அல்லவா? அங்கே சேதக் கணக்கு எடுக்கப் போயிருந்தேன். ஒரு பெரியவர் விழுந்து கிடந்த பலா மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விறகு வியாபாரி வண்டியோடு நின்றார்.

"தம்பி, இது நான் வெச்ச மரம் இல்லே. கல்யாணம் ஆகி வந்த வருசம் என் சம்சாரம் வெச்சது. அவ போய்ச் சேந்துட்டா. பேத்தி கல்யாணத்துக்கு இதிலே ரெண்டு மணைப்பலகை செய்யணும்னு அவளுக்கு ஆசை. இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றார்.

"விறகுக்குக் கொடுத்துடாதீங்க ஐயா. அறுத்துப் பலகையாக்கி, களத்திலே நல்ல வெயில்ல போடுங்க. ஒரு மாசத்திலே காஞ்சிடும்" என்றேன். விறகுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொன்னது சரி. மற்றதெல்லாம் தப்பு.

மாசி மாதம் போய்ப் பார்த்தேன். களத்தில் பலகைகள் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைப்பும் ஒரு முழம் நீளத்துக்கு வெடித்திருந்தது. சில பலகைகள் ஓடு மாதிரி வளைந்து போயிருந்தன. மணை செய்யும் அகலத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பெரியவர் கோபப்படவில்லை. "நெல்லுக்குச் சொல்ற வைத்தியத்தை மரத்துக்குச் சொல்லிட்டீங்க, தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை. அதன் பிறகுதான் ஆசாரிமார்களிடமும் அறுவை மில்காரர்களிடமும் கேட்டு, படிக்க வேண்டியதைப் படித்து, இந்த விஷயத்தைத் தெரிந்து கொண்டேன்.

மரம் ஏன் வெடிக்கிறது?

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, மரத்தின் நுண்ணிய குழாய்களுக்குள் குடத்துத் தண்ணீர் போல நிற்பது. இன்னொன்று, அந்தக் குழாய்களின் சுவரிலேயே ஊறிப் போயிருப்பது. முதலில் குழாய்த் தண்ணீர் வெளியேறும். அது போகும்போது எடை குறையுமே தவிர மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவிகிதத்துக்கு வந்த பிறகுதான் சுவரில் ஊறிய தண்ணீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கமும் ஆரம்பிக்கிறது.

இந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீளவாக்கில் மிகக் குறைவு. ஆறடிப் பலகை ஒரு நூல் அளவு குறைந்தால் அதிகம். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதைவிட அதிகம். மரத்தைச் சுற்றிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அகலமான 12 அங்குலப் பலகை அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை குறுகிப் போவது உண்டு. உருட்டுக் கட்டையை அப்படியே போட்டு வைத்தால், சுற்றளவு சுருங்கப் பார்க்கும். நடு விட்டுக் கொடுக்காது. கட்டை நடுவரைக்கும் பிளந்து கொள்ளும். இது மரத்தின் குற்றமல்ல.

வெயிலில் போட்டால் என்ன ஆகிறது? கோடையில் குளத்து வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் மண் காய்ந்து சுருங்குகிறது, அடி மண் ஈரத்தோடு அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒத்துப் போகாமல் மேலே வெடிக்கிறது. மரமும் அப்படித்தான். வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகக் காய வேண்டும். அதற்கு மெதுவாகக் காய வேண்டும். வெயில் வேண்டாம், நிழலும் காற்றும் வேண்டும். இன்றைய பேச்சில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டாலும் போதும்.

வெட்டிய அன்றே செய்ய வேண்டியது

மரத்தில் ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட, அறுத்த தலைப்பு வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதனால்தான் வெடிப்பு எப்போதும் தலைப்பில் தொடங்குகிறது. ஆகவே மரத்தைத் துண்டு போட்ட அன்றே இரண்டு தலைப்புகளையும் அடைத்துவிட வேண்டும். மீந்து போன எனாமல் பெயிண்டு இருந்தால் இரண்டு பூச்சுக் கொடுங்கள். உருக்கிய மெழுகு இன்னும் நல்லது. மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடித்துக் கொள்ளும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதற்குள் மெழுகுக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். இரண்டும் இல்லையென்றால் சாணியும் களிமண்ணும் குழைத்துக் கனமாக அப்புங்கள். அது காய்ந்து உதிர உதிர மறுபடியும் அப்ப வேண்டும்.

துண்டு போடும்போது தேவையான நீளத்துக்கு மேல் இரண்டு பக்கமும் மூன்று, நான்கு அங்குலம் கூடுதலாக விட்டுக் கொள்ளுங்கள். தலைப்பு கொஞ்சம் வெடித்தாலும் அறுத்துத் தள்ளிவிடலாம்.

பட்டையையும் உரித்து விடுங்கள். பட்டைக்கு அடியில்தான் துளைக்கும் வண்டு முட்டையிடும். ஆனால் பட்டை உரித்த கட்டை சீக்கிரம் காயும் என்பதால் அதை வெயிலில் விடாதீர்கள்.

அடுத்து, கட்டையை நாள் கடத்தாமல் அறுங்கள் அல்லது பிளந்து வையுங்கள். கைப்பிடி, காம்பு செய்யும் சிறு கட்டையானால் கோடாரியும் ஆப்பும் வைத்து நடுவில் இரண்டாகப் பிளந்தாலே போதும். கட்டை சுருங்க இடம் கிடைத்துவிடுவதால் வெடிப்பது வெகுவாகக் குறையும். பெரிய கட்டையானால் அறுவை மில்லில் சொல்லி, நடுவிலுள்ள சோற்றுப் பகுதி எந்த நல்ல பலகையிலும் சேராதபடி தள்ளி அறுக்கச் சொல்லுங்கள். நடுச்சோறு உள்ள பலகை எப்படிக் காய வைத்தாலும் வெடிக்கும். ஒரு அங்குலப் பலகை வேண்டுமானால் இரண்டு நூல் கனம் கூடுதலாக அறுக்கச் சொல்லுங்கள். சுருங்குவதற்கும் இழைப்பதற்கும் அது சரியாகப் போய்விடும்.

மா மரம் மாதிரி வெளுத்த மரங்களைச் சில நாள் பட்டையோடு போட்டு வைத்தாலே பூஞ்சாணம் பிடித்துக் கறுத்துவிடும். அவற்றை உடனே அறுப்பது நல்லது.

அடுக்குவது எப்படி?

மாட்டுக் கொட்டகை ஓரமோ, திண்ணைப் பக்கமோ, மரத்தடியோ, காற்றோட்டமுள்ள நிழலான இடமாகப் பார்த்துக் கொள்ளுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல்லோ கருங்கல்லோ அடுக்கி, அதன் மேல் குறுக்குக் கட்டைகள் போடுங்கள். மண்ணில் பட்டால் கரையான் ஏறும், ஈரமும் ஏறும்.

முதல் வரிசைப் பலகைகளைப் பரப்புங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். அதன் மேல், ஒரு அங்குலச் சதுரமுள்ள காய்ந்த ரீப்பர்களை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே வையுங்கள். அதன் மேல் அடுத்த வரிசை. இப்படியே மேலே கட்டிக் கொண்டு போங்கள். இதில் இரண்டு விஷயம் முக்கியம். எல்லா வரிசையிலும் ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இருக்க வேண்டும். விலகி இருந்தால் பாரம் விலகி விழும், பலகை வளைந்து விடும். அதேபோல ரீப்பர்கள் காய்ந்தவையாக இருக்க வேண்டும். பச்சை ரீப்பர் வைத்தால் வைத்த இடமெல்லாம் பலகையில் கறை விழும்.

உச்சியில் பாரமான கற்களை வையுங்கள். மேல் வரிசை முறுக்கிக் கொள்ளாமல் இருக்கும். அதற்கு மேல் கீற்றோ தகரமோ போட்டு மூடுங்கள். பக்கங்களை மூட வேண்டாம். பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவதும் வேண்டாம்; உள்ளே வேர்த்துப் பூஞ்சாணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தட்டி கட்டுங்கள். அடிக் கற்களை வாரம் ஒருமுறை பாருங்கள். கரையான் மண் ஏறியிருந்தால் உடனே தட்டி விடுங்கள்.

மரத்தை நீங்களே வெட்டுவதானால் பொங்கல் முடிந்த பிறகு வெட்டுவது நல்லது. மழை ஓய்ந்து, தொடர்ந்து காய்கிற காலம் வரும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பார்கள். நாள் பார்ப்பது உங்கள் விருப்பம். எந்த நாளில் வெட்டினாலும் தலைப்பை அடைப்பதையும் நிழலில் அடுக்குவதையும் விட்டுவிடக் கூடாது. வெட்டுவதற்கு முன் இன்னொன்று: சந்தனம், ஈட்டி போன்ற மரங்களுக்கும், மலைப்பகுதி மரங்களுக்கும், புறம்போக்கு மரங்களுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடமோ வனத்துறையிடமோ கேட்டுக் கொண்டு கோடாரியை எடுங்கள்.

உளுத்துப் போகாமல் இருக்க

நன்றாகக் காய்ந்த பலகையிலும் சில சமயம் மாவு கொட்டும். பார்த்திருப்பீர்கள். நடுவில் கறுத்து அல்லது சிவந்து இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளுப்பாக இருக்கும் பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்னத்தான் உளுக்கும் வண்டு வருகிறது. வெளுப்பை முடிந்தவரை கழித்து, வைரப் பகுதியில் சாமான் செய்யுங்கள்.

நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். பூவரசு, மூங்கில் முதலியவற்றைக் குளத்திலோ வாய்க்காலிலோ சில வாரங்கள் ஊறப் போடுவார்கள். இதில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. தண்ணீரில் கிடக்கும்போது மரத்திலுள்ள சர்க்கரைச் சத்தும் மாவுச்சத்தும் குறைந்து போகும். வண்டுக்குத் தீனி இருக்காது. ஆனால் கட்டை முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்று மிதந்தால் அந்தத் தண்ணீர் மட்டத்திலேயே அழுக ஆரம்பிக்கும். கல் கட்டி அமிழ்த்துங்கள். ஊறிய மரம் காய்ந்த மரம் ஆகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். வெளியே எடுத்தபின் நான் சொன்னபடி அறுத்து, நிழலில் அடுக்கித்தான் ஆக வேண்டும்.

குளம் இல்லாதவர்கள் வெங்காரக் கரைசல் பயன்படுத்தலாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, அறுத்த பச்சைப் பலகைகளைச் சில நாள் அதில் ஊற வைத்து அடுக்குங்கள். கையுறை போட்டுக் கொள்ளுங்கள். குழந்தைகளும் ஆடு மாடுகளும் அந்தத் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும் என்பதால் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான் ஏற்றது. சப்பாத்திக் கட்டை, அரிவாள்மணை, கரண்டி போன்று சாப்பாட்டில் படும் சாமானுக்கு இது கூடவே கூடாது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விழுந்த தென்னை மரத்தைத் தோப்பிலேயே மக்க விடாதீர்கள். அதில் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். தென்னையின் வெளிப்பகுதி மட்டுமே உறுதியானது. அதைச் சட்டமாக உடனே அறுத்து அடுக்குங்கள். உள்பகுதி பஞ்சு போன்றது, சாமானுக்கு உதவாது.

காய்ந்தது என்று எப்படித் தெரியும்?

"மாசக் கணக்கு சொல்லுங்க சார்" என்பார்கள். மரத்தின் ஜாதி, கனம், காற்று, மழை எல்லாவற்றையும் பொறுத்தது அது. ஒரு அங்குலப் பலகை நம் ஊர்க் கோடையில் இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் காய்வது உண்டு. இரண்டு அங்குலப் பலகைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே ஆகும். மாதத்தை நம்புவதைவிடத் தராசை நம்புங்கள்.

அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை உருவி எடுத்து எடை போடுங்கள். எடையையும் தேதியையும் பலகையிலேயே பென்சிலால் எழுதி, திரும்பச் செருகி விடுங்கள். 15 நாளைக்கு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். முதலில் எடை மளமளவென்று குறையும். பிறகு குறைவது மெதுவாகும். மழையில்லாத மாதத்தில் தொடர்ந்து மூன்று தடவை ஒரே எடை நின்றால், அந்த இடத்தில் எவ்வளவு காய முடியுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது என்று பொருள்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மரத்தின் ஈரத்தை, ஈரமே இல்லாத மரத்தின் எடையை வைத்துத்தான் சதவிகிதம் போடுவார்கள். 80 சதவிகித ஈரமுள்ள 10 கிலோப் பச்சைப் பலகை 12 சதவிகிதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 6 கிலோ 200 கிராம் இருக்கும். நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் போயிருக்கிறது! வீட்டுச் சாமானுக்கு இந்த 12 சதவிகிதம் ஒட்டிய ஈரம் நம் பக்கத்துக்குப் பொருத்தம். இப்போது இரண்டு ஊசி முனையைக் குத்தி ஈரம் பார்க்கும் சிறு கருவியும் கடையில் கிடைக்கிறது. பலகையின் மேல்பக்கத்தில் மட்டும் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு துண்டை அறுத்து, புதிதாக அறுபட்ட முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள்.

கடைசியாக, பலகையை வீட்டுக்குள் கொண்டு வந்து இரண்டு வாரம் வைத்திருந்து அதன் பிறகே இழைப்புளி போடுங்கள். சாமான் எங்கே இருக்கப் போகிறதோ அந்தக் காற்றுக்கு மரம் பழக வேண்டும்.

மம்பட்டிக் காம்பு, கோடாரிக் காம்பு விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. பச்சைக் கட்டையை இறுக்கமாகச் செருகினால் இன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரு மாதத்தில் காம்பு சுருங்கி, ஓங்கும்போது இரும்பு கழன்று பறக்கும். எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கருவேல், வாகை என்று நல்ல கட்டை கிடைக்கும்போதே பிளந்து, தலைப்பை அடைத்து, நாலைந்து காம்புக்கு ஆகிறாற்போல் பரணில் போட்டு வைத்திருங்கள்.

காய்ந்த மரத்தின் அருமையை அறிய வேண்டுமானால் தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் தேடுவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பல பத்தாண்டு பழைய கட்டைகளைத் தேடி வாங்குகிறார்கள். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம் அது.

பெரியவர் கதை என்ன ஆயிற்று?

அதைச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் விட மாட்டீர்கள். புயலுக்குப் பிறகு மின்கம்பம் நட வந்தவர்களுக்கு வழி விடுவதற்காக, அந்தப் பலாவின் அடிக்கட்டையை மட்டும் குளத்தில் உருட்டி விட்டிருந்தார்கள். எல்லோரும் அதை மறந்தே போனார்கள். 2019 சித்திரையில் தண்ணீர் வற்றியபோது கட்டை வெளியே தெரிந்தது. பெரியவர் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, உளு இல்லை.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கும் முன்பு ஆசாரியைக் கூட்டிக் கொண்டு வந்தேன். நடுச்சோறு தள்ளி, ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகைகள் அறுத்தோம். அன்றைக்கே தலைப்புக்கு மெழுகு பூசினோம். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் அடுக்கினோம். 15 நாளைக்கு ஒருமுறை பெரியவரே அரிசிக்கடைத் தராசில் நிறுத்துப் பலகையில் எழுதி வைத்தார். மார்கழி வரை எட்டு மாதம். நடுவில் ஐப்பசி மழையில் எடை கொஞ்சம் ஏறியதைக்கூட எழுதியிருந்தார்.

மணை செய்யும்போது ஆசாரி ஒரு நுணுக்கம் காட்டினார். அடியில் வரும் இரண்டு குறுக்குச் சட்டங்களையும் பசை போட்டு ஒட்டவில்லை, ஆணி அடித்து இறுக்கவும் இல்லை. பலகையில் காடி வெட்டி, அதில் சட்டத்தைச் செருகினார். "மழைக்கு அகலும், வெயிலுக்குக் குறுகும். நகர வழி விட்டா மணை வெடிக்காது" என்றார். அகலமான பலகையில் எந்தச் சாமான் செய்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

2020 தை மாதம் கல்யாணம். நானும் போயிருந்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த மணையில்தான் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியவர் பக்கத்தில் வந்து, "வெடிச்ச பலகையையும் நான் எரிக்கலே, தம்பி. சின்னச் சின்னதா அறுத்து அடுக்கி வெச்சிருக்கேன். கொள்ளுப் பேரனுக்கு நடைவண்டி செய்யணும்" என்றார்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் விழுந்தாலோ, வெட்ட நேர்ந்தாலோ, விறகு வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். அன்றைக்கே தலைப்பை அடையுங்கள், நடுவில் பிளந்து வையுங்கள், நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள், தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு முக்காலியோ, நாலு மம்பட்டிக் காம்போ, இரண்டு மணைப்பலகையோ உங்கள் மரத்திலேயே, உங்கள் கையிலேயே கிடைக்கும்.